தெரிந்ததைச் சொல்லும் தொழில்: மென்பொருள் பொறியாளருக்கான நேர்மை வழிகாட்டி

2017 ஆகஸ்டில் டெட்ராய்ட் நீதிமன்றம் ஒன்று, ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 40 மாதச் சிறைத்தண்டனையும் 2 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. கார் இப்போது புகைப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்று கண்டுபிடித்து, பரிசோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் கட்டுக்குள் வைக்கும் மென்பொருளை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் மேல் வைத்த தவறான விசுவாசத்தால் செய்துவிட்டார் என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். அரசுத் தரப்பு கேட்டதைவிடக் கூடுதலாகவே நீதிபதி தண்டனை கொடுத்தார்.

மேலிடம் சொன்னதைத்தான் செய்தேன் என்பது நம் தொழிலிலும் எடுபடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் இது அரிதான வழக்கு. நம்மில் பெரும்பாலோருக்கு யாரும் வந்து ஏமாற்று வேலை செய்யச் சொல்லப்போவதில்லை. நம் நேர்மை சோதிக்கப்படுவது வேறு இடங்களில்: திங்கட்கிழமை ஸ்டேட்டஸ் மீட்டிங்கில், வெள்ளிக்கிழமை மாலை அவசரமாக வரும் கோட் ரிவ்யூவில் (சக ஊழியர் எழுதிய நிரலைப் படித்துச் சரிபார்ப்பதில்), உண்மையான வாடிக்கையாளர் தகவல் இருக்கும் புரொடக்ஷன் டேட்டாபேஸுக்குள் நுழைய அனுமதி கிடைத்த முதல் நாளில்.

பெரிய மென்பொருள் விபத்துகளின் அறிக்கைகளைப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அல்லது ஏதோ ஒரு திரையில், ஏதோ ஒரு மெயிலில் அது வந்திருக்கிறது. தெரிய வேண்டியவரிடம் மட்டும் போய்ச் சேரவில்லை. அதனால் இந்த வழிகாட்டி முழுவதையும் ஒரே கேள்வியின் மேல் கட்டியிருக்கிறேன்: உங்களுக்குத் தெரிந்தது, தெரிய வேண்டியவரிடம், நேரத்தோடு போய்ச் சேர்ந்ததா?

படி 1: யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று வரிசைப்படுத்துங்கள்

கணினித் துறையினரின் சர்வதேச அமைப்புகளான ஏசிஎம்மும் ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டியும் சேர்ந்து மென்பொருள் பொறியாளர்களுக்கென்று ஒரு நெறிமுறைத் தொகுப்பை 1999-ல் வெளியிட்டன. அதில் எட்டுத் தலைப்புகள்: பொதுமக்கள், வாடிக்கையாளரும் முதலாளியும், தயாரிப்பு, சொந்தத் தீர்ப்பு, நிர்வாகம், தொழில், சக ஊழியர்கள், கடைசியாக நாம். பொதுமக்கள் முதலில் இருப்பது தற்செயல் இல்லை. முதலாளியின் நலனைப் பாருங்கள், ஆனால் பொதுநலனுக்கு உட்பட்டுப் பாருங்கள் என்கிறது அது. சுருக்க வடிவம் ஒரு பக்கம்தான். வேலையில் சேரும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? புதிய புராஜெக்ட் கைக்கு வந்ததும் இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். முதலாவது, இதைப் பயன்படுத்தப்போகிறவர்கள். இரண்டாவது, இதைத் தொடாமலேயே இதனால் பாதிக்கப்படப்போகிறவர்கள். முதல் பட்டியலை எல்லோரும் எழுதுவார்கள். கடன் விண்ணப்பத்தைத் தரம் பிரிக்கும் மென்பொருளின் திரையில் உட்காருவது வங்கி ஊழியர். நிராகரிக்கப்படுவது அந்தத் திரையைப் பார்த்தே இராத ஒருவர். வடிவமைப்புக் கூட்டத்தில் அவருக்காகப் பேச ஆளே கிடையாது. அந்த இரண்டாவது பட்டியலை டிசைன் ஆவணத்திலேயே சேர்த்துவிட்டால், அவர் பெயராவது மேசைக்கு வரும்.

படி 2: சேரும்போதே சுத்தமாகச் சேருங்கள்

ரெஸ்யூமேயில் நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். குழு செய்ததை நான் செய்தேன் என்று எழுதினால் நேர்காணலில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரியாமல் போனால் இன்னும் மோசம், தெரியாத வேலையை நம்பி ஒப்படைப்பார்கள்.

பழைய நிறுவனத்தின் கோட், ஆவணம், வாடிக்கையாளர் பட்டியல் எதையும் எடுத்துவர வேண்டாம். கற்றுக்கொண்டது உங்களுடையது, எழுதிக்கொடுத்தது அவர்களுடையது. ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு, சொந்த நேரத்தில் எழுதும் கோட் யாருக்குச் சொந்தம் என்கிற பகுதிகளைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். சொந்தமாக ஏதாவது செய்துகொண்டிருந்தால் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

படி 3: எஸ்டிமேட்டில் உண்மை பேசுங்கள்

இந்தத் தொழிலில் அதிகம் சொல்லப்படும் பொய் தேதிதான். யாரும் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்வதில்லை. மேனேஜர் கேட்கிறார், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை, ஒரு தேதி வாயில் வந்துவிடுகிறது. அந்தத் தேதியை அவர் தன் மேலதிகாரியிடம் சொல்கிறார், அவர் கிளையன்ட்டிடம் சொல்கிறார், கிளையன்ட் அதை நம்பித் தன் ஆட்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்கிறார். மென்று விழுங்கிய ஒரு வார்த்தையின் மேல் இத்தனை பேருடைய திட்டம் நிற்கிறது.

முதலில், மதிப்பீட்டையும் வாக்குறுதியையும் பிரித்துப் பேசப் பழகுங்கள். இரண்டு வாரம் என்று ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "எல்லாம் சரியாகப் போனால் இரண்டு வாரம். பேமென்ட் சேவையின் ஏபிஐ ஆவணத்தில் ரீஃபண்ட் பற்றி ஒன்றுமே இல்லை, அது சிக்கலாக இருந்தால் நான்கு வாரம் ஆகலாம். வியாழக்கிழமை வரை அதை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு உறுதியான எண் சொல்கிறேன்." இதில் வரம்பு இருக்கிறது, காரணம் இருக்கிறது, சந்தேகம் எப்போது தீரும் என்பதும் இருக்கிறது. எந்த மேனேஜருக்கும் இதை வைத்துத் திட்டம் போட முடியும்.

எண்ணைக் குறைக்கச் சொன்னால், எண்ணை விட்டுவிட்டு வேலையைக் குறையுங்கள். "இரண்டு வாரத்தில் வேண்டுமென்றால் ரீஃபண்டைக் கையால் செய்துகொள்ளும்படி விட்டுவிடலாம், சரியா?" என்று கேட்பது நேர்மையான பேரம். வேலையும் குறையாமல் ஆளும் கூடாமல் எண் மட்டும் சுருங்கினால், சுருங்குவது டெஸ்ட்தான்.

அடுத்தது ஸ்டேட்டஸ். 90 சதவீதம் முடிந்தது என்ற வாக்கியத்தை உங்கள் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். என்ன ஓடுகிறது, என்ன ஓடவில்லை, எதை இன்னும் தொடவே இல்லை, இவ்வளவுதான் ஸ்டேட்டஸ். தாமதம் ஆகும் என்று தெரிந்த நாளிலேயே சொல்லிவிடுங்கள். டெட்லைனுக்கு மூன்று வாரம் முன்பு சொன்னால் அது தகவல். முந்தின நாள் சொன்னால் அதிர்ச்சி. இரண்டும் ஒரே செய்திதான், ஆனால் முதலாவதைக் கேட்டவருக்கு ஏதாவது செய்ய வழி இருக்கிறது.

படி 4: கோடில் காட்ட வேண்டிய நேர்மை

தெராக்-25 பற்றி ஒவ்வொரு பொறியாளரும் ஒருமுறையாவது ஊன்றிப் படிக்க வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் கருவி அது. கனடாவின் அரசு அணுசக்தி நிறுவனம் தயாரித்தது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் உயிரிழந்தார்கள்.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கருவியை இயக்குபவர் அனுபவசாலி, வேகமாகத் தட்டுவார். எலக்ட்ரான் சிகிச்சைக்கு 'ஈ' தட்ட வேண்டிய இடத்தில் எக்ஸ்ரே என்று பொருள்படும் 'எக்ஸ்' தட்டிவிட்டார். உடனே கவனித்து, கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார். மற்ற விவரங்கள் சரியாக இருந்ததால் என்டரைத் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். திரையில் எல்லாம் சரி என்று காட்டியது, சிகிச்சையைத் தொடங்கினார். கருவி நின்று, "மால்ஃபங்ஷன் 54" என்று காட்டியது. கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. கொடுத்த கதிர்வீச்சு மிகக் குறைவு என்று திரை சொன்னது. இப்படிப் புரியாத எண்கள் அந்தக் கருவியில் அடிக்கடி வரும், தொடர்வதற்கான விசையைத் தட்டினால் போதும் என்பது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அவரும் தட்டினார். உள்ளே இருந்த நோயாளியைப் பார்க்கும் வீடியோ அன்று இணைக்கப்பட்டிருக்கவில்லை, பேசும் இன்டர்காமும் வேலை செய்யவில்லை. நோயாளி முதுகில் தீக்காயம் பட்டதுபோல் உணர்ந்து மேசையை விட்டு எழுந்துகொண்டிருந்தார். ஐந்து மாதங்களில் அவர் இறந்துபோனார்.

காரணம், எட்டு விநாடிகளுக்குள் திருத்தி முடித்தால் மட்டும் தலைகாட்டும் ஒரு ரேஸ் கண்டிஷன், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை. திரையில் ஒரு சிகிச்சை முறை, கருவிக்குள் வேறொரு சிகிச்சை முறை. இதில் என் மனதை விட்டு அகலாத விவரம் வேறு: இதற்கு முந்தைய மாடலான தெராக்-20-ன் மென்பொருளிலும் இதே பக் (பிழை) இருந்தது. அங்கே மின்னணுப் பாதுகாப்புச் சுற்று குறுக்கே நின்று ஃபியூஸைப் போக்கியது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. புதிய மாடலில் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். அளவுக்கு மீறிய கதிர்வீச்சு வர வாய்ப்பே இல்லை என்று மருத்துவமனைகளுக்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டியது அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கிய அதே ஊழியரும்தான், திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து.

நாம் எழுதுவது கதிர்வீச்சுக் கருவிக்காக இல்லாமல் இருக்கலாம். எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் எல்லோருக்கும் ஒன்றேதான்.

பிழைச் செய்தியில் என்ன நடந்தது, என்ன ஆபத்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மனித மொழியில் எழுதுங்கள். எண்ணை மட்டும் காட்டும் செய்தி, தெரிந்ததைச் சொல்லாமல் மறைக்கும் செய்தி. எக்ஸெப்ஷனை (நிரல் ஓடும்போது எழும் பிழை அறிவிப்பை) பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்கும் கோடும் அப்படித்தான்.

தோற்கும் டெஸ்ட்டை ஓடாதபடி கமென்ட் போட்டு மூடாதீர்கள். ஏன் தோற்கிறது என்று தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே டிக்கெட் (சரிசெய்ய வேண்டியதைப் பதியும் குறிப்பு) போட்டு, அதன் எண்ணை அந்த டெஸ்ட்டின் மேல் எழுதுங்கள். யாரோ வைத்த பழைய பாதுகாப்புச் சோதனையை நீக்கும் முன், அது ஏன் வைக்கப்பட்டது என்று கண்டுபிடியுங்கள்.

எச்சரிக்கைகளையும் சும்மா விடாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய கோட் ஏறவில்லை. பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய கோட் அதில் கிடந்தது. புதிய அம்சத்துக்காக எடுத்தாண்ட பழைய ஃபிளாக் (ஓர் அம்சத்தை இயக்கும் அடையாளக் குறி) அதை எழுப்பிவிட்டது. சந்தை திறக்கும் முன்பே அவர்கள் சிஸ்டம் அந்தப் பழைய கோடின் பெயரைச் சொல்லி 97 மெயில்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்படவில்லை, யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. உங்கள் இன்பாக்ஸில் ஃபில்டர் போட்டு ஒதுக்கிவைத்திருக்கும் அலர்ட்கள் எத்தனை என்று இன்றே எண்ணிப் பாருங்கள். தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள், தேவையானவற்றுக்கு ஓர் ஆள் பெயரைப் போடுங்கள்.

படி 5: ரிவ்யூ என்பது கையெழுத்து

அப்ரூவ் பொத்தானை அழுத்தினால், இதை நான் படித்தேன் என்று சொல்கிறீர்கள். படிக்க நேரமில்லை என்றால் நேரமில்லை என்று எழுதி வேறொருவரைச் சேர்த்துவிடுங்கள். பாதியை மட்டும் படித்திருந்தால், எந்தப் பாதி என்று குறிப்பிடுங்கள். ரிவ்யூ செய்யும்போது நான் முதலில் திறப்பது டெஸ்ட் ஃபைலைத்தான். எழுதியவர் எதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார், எதை மறந்திருக்கிறார் என்று அங்கேதான் முதலில் தெரியும்.

கருத்தைக் கோடின் மேல் வையுங்கள், ஆளின் மேல் வேண்டாம். "இது கூடத் தெரியாதா?" என்று எழுதினால், அந்த ஜூனியர் அடுத்த முறை தெரியாததைக் கேட்கவே மாட்டார். கேட்காதவருக்குத் தெரிந்தது உங்களுக்கு வந்து சேராது. "இந்த லிஸ்ட் காலியாக வந்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள், போதும். மற்றவர் யோசனையை உங்கள் யோசனையாக மீட்டிங்கில் சொல்லாதீர்கள். பெயர் சொல்லிப் பாராட்டினால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

படி 6: மற்றவர் தகவல் உங்கள் கையில்

டேட்டாபேஸ் அனுமதி கிடைத்தால் தெரிந்தவர்களின் ஆர்டர், சம்பளம், மருத்துவப் பதிவு எல்லாவற்றையும் பார்க்க முடியும். பார்க்க முடிவதும் பார்க்க உரிமை இருப்பதும் வேறு வேறு. டிக்கெட் எண் இல்லாமல் எந்த வாடிக்கையாளரின் பதிவையும் திறப்பதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். புரொடக்ஷன் டேட்டாவை லேப்டாப்புக்கோ டெஸ்ட் சர்வருக்கோ இறக்காதீர்கள்; பெயர், எண்களை மாற்றிய மாதிரித் தரவை உருவாக்கும் ஸ்கிரிப்ட் எழுத ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். புதிய படிவத்தில் பிறந்த தேதிக் கட்டம் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். பதில் "பின்னால் உதவும்" என்றால் அந்தக் கட்டம் வேண்டாம். சேர்த்து வைக்காத தகவல் திருடு போகாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் நிறுவனத்தின் கோடையோ லாக்கையோ (மென்பொருள் தானே எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவையோ) ஒட்டும் முன், அது அனுமதிக்கப்பட்ட கருவிதானா என்று பாருங்கள். லாக்கின் நடுவில் யாரோ ஒருவரின் மெயில் முகவரியும் டோக்கனும் (உள்ளே நுழைய உதவும் ரகசியக் குறியீடும்) கிடப்பது சாதாரணம். அந்தக் கருவி எழுதிக்கொடுத்த கோடுக்கும் பொறுப்பு உங்களுடையதுதான். வரிக்கு வரி விளக்க முடியாததை மெர்ஜ் செய்யாதீர்கள் (முதன்மைக் கோடில் சேர்க்காதீர்கள்).

தகவல் கசிந்துவிட்டால் மறைக்க நினைக்கவே கூடாது. 2016-ல் ஊபரில் 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து, காதும் காதும் வைத்தாற்போல் முடிக்கப் பார்த்தார்கள். அந்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர், விசாரணையைத் தடுத்த குற்றத்துக்காக 2022 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பானார். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஆபத்து உள்ள கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டுக்கு மென்பொருள் செய்கிறீர்களோ அந்த நாட்டின் காலக்கெடுவை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கசிந்த இரவில் தேடினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

படி 7: பிறர் எழுதிய கோட்

லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோட் தொகுப்பை) சேர்க்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள். எம்ஐடி, அப்பாச்சி போன்ற லைசென்ஸ்களில் உரிமைக் குறிப்பை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஜிபிஎல் லைசென்ஸில் வரும் கோடைச் சேர்த்து மென்பொருளை விநியோகித்தால் சேர்ந்த கோடையும் அதே விதிப்படி திறந்துவிட வேண்டி வரும். ஏஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்தக் கோடை மாற்றி நெட்வொர்க் வழியே சேவையாகக் கொடுத்தாலே போதும், அந்தக் கடமை வந்துவிடும். சந்தேகம் இருந்தால் நிறுவனத்தின் சட்டக் குழுவைக் கேளுங்கள், யூகிக்க வேண்டாம்.

பிறர் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தால் முதலில் அதைப் பராமரிப்பவருக்குத் தனியாகத் தெரிவியுங்கள், சரிசெய்ய நியாயமான காலம் கொடுங்கள், அதன் பிறகு வெளியிடுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் என்று வைத்திருப்பது பலருக்கும் முன்மாதிரி. 2024 மார்ச்சில் ஆன்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் போய், எக்ஸ்இசட் என்ற லைப்ரரியில் யாரோ திட்டமிட்டு ஒளித்துவைத்த பின்கதவைக் கண்டுபிடித்தார். அரை விநாடிதானே என்று அவர் விட்டிருந்தால் எத்தனையோ சர்வர்களுக்குள் அது போயிருக்கும்.

படி 8: தவறு நடந்த அன்று

2017 ஜனவரி 31 இரவு கோடைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரண்டாம் நிலை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்பகத்தை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் தெரிந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பை எடுக்கப் போனால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்தான்) காப்பாற்றியது. கிட்லேப் அப்போது செய்த காரியம் பாராட்டத்தக்கது. நடப்பதையெல்லாம் பொதுவில் ஓர் ஆவணத்தில் எழுதிக்கொண்டே வந்தார்கள், மீட்பு வேலையை நேரலையாகக் காட்டினார்கள், பிறகு முழு அறிக்கையும் வெளியிட்டார்கள். கட்டளையைத் தட்டியவரைக் குற்றவாளியாக்கவில்லை. பேக்கப் வேலை செய்கிறதா என்று யாரும் பார்க்காமல் விட்ட ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்டார்கள்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால்: முதலில் கையை எடுங்கள், மேற்கொண்டு எதையும் தட்டாதீர்கள். உடனே இன்சிடென்ட் சேனலில் (விபத்துகளைத் தெரிவிக்கும் குழு அரட்டையில்) மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், எத்தனை மணிக்கு, இப்போது என்ன தெரிகிறது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். லாக்கை அழிக்காதீர்கள், நீங்கள் தட்டிய கட்டளைகள் பதிவாகியிருக்கும் ஷெல் வரலாற்றைத் துடைக்காதீர்கள். எல்லாம் அடங்கிய பிறகு எழுதும் அறிக்கையில் யார் செய்தார் என்பதைவிட, ஒரே ஒரு கட்டளையால் இவ்வளவும் போகும்படி ஏன் இருந்தது என்று கேளுங்கள். தவறு செய்தவர் நீங்கள் இல்லை என்றால், அவர் பயப்படாமல் பேசும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முழு உண்மையும் அவரிடம்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்தது பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸில். ஃபுஜிட்சு வழங்கிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், கிளை அஞ்சலகங்களில் இல்லாத பணப் பற்றாக்குறையைக் காட்டியது. ஒப்பந்தப்படி பற்றாக்குறையை அஞ்சலகத்தை நடத்துபவரே கட்ட வேண்டும். வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று அவர்களிடம் சொன்னார்கள். 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறை போனவர்கள் உண்டு, வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மென்பொருளில் பக் இருப்பதும், கிளைகளின் கணக்கைத் தொலைவிலிருந்தே மாற்ற முடியும் என்பதும் உள்ளே இருந்த பொறியாளர்களுக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு நீண்ட காலம் வேறுவிதமாகச் சொல்லப்பட்டது. 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனின் பிழைகளை உறுதிசெய்தது; 2024-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்ததில் எத்தனையோ பேரின் இருபது வருடம் போனது.

உங்கள் மென்பொருள் காட்டும் எண்ணை வைத்து ஒரு மனிதர் மேல் குற்றம் சுமத்தப்போகிறார்கள் என்று தெரிந்தால், அந்த மென்பொருளின் தெரிந்த பிழைகளின் முழுப் பட்டியலைக் கேட்காமலேயே கொடுங்கள். கொடுத்ததற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: செய்யக்கூடாததைச் செய்யச் சொன்னால்

முதலில், இது எந்த வகை என்று பாருங்கள். ரசனை வேறுபாடு என்றால், உதாரணமாக எந்த ஃப்ரேம்வொர்க், எந்த வடிவமைப்பு என்பதெல்லாம், ஒருமுறை சொல்லுங்கள், பிறகு குழுவின் முடிவுப்படி மனதாரச் செய்யுங்கள். அதற்கெல்லாம் நெறிமுறையை இழுத்தால் நிஜமான ஆபத்து வரும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது. ஆபத்து கூடும், ஆனால் முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றால், ஆபத்தை எழுத்தில் வைத்துவிட்டுச் செய்யலாம். யாரையாவது ஏமாற்றவோ, சட்டத்தை மீறவோ, உடலுக்கோ பணத்துக்கோ தீங்கு செய்யவோ சொன்னால் செய்யக்கூடாது.

இரண்டாவது, மூன்றாவது வகைகளில் முதல் வேலை, சந்தேகத்தைக் கேள்வியாகக் கேட்பது. பாதி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். சொன்னவர் அந்தக் கோணத்தில் யோசித்திருக்க மாட்டார். தீராவிட்டால் எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், இந்த மாதிரி:

"வணக்கம் சார். காலையில் பேசியதை உறுதிசெய்துகொள்ள எழுதுகிறேன். சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தியதும் ரத்தாகிவிட்டது என்று காட்டிவிட்டு, அடுத்த மாதமும் பணம் பிடிக்கும்படி மாற்றச் சொன்னீர்கள் என்று புரிந்துகொண்டேன். இது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும், சட்டச் சிக்கலும் வரும் என்று நினைக்கிறேன். மாற்றாக, ரத்து செய்யும் முன் தள்ளுபடி காட்டும் திரை ஒன்றை நான்கு நாளில் செய்து தரலாம். முதலில் சொன்னபடிதான் வேண்டும் என்றால், சட்டக் குழுவின் கருத்தைக் கேட்காமல் என்னால் தொடங்க முடியாது. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்."

இந்த மெயிலில் மாற்று வழி இருக்கிறது, எல்லையும் இருக்கிறது, அவர் பின்வாங்க ஒரு வாசலும் இருக்கிறது. இப்படி ஒன்று எழுத்தில் வந்ததும் பல கோரிக்கைகள் அப்படியே மறைந்துபோகும்.

மறையாவிட்டால் அவருக்கு மேலே உள்ளவரிடம், அல்லது நிறுவனத்தில் இதற்கென்று இருக்கும் புகார் வழியில் கொண்டுபோங்கள். தனியாகப் போவதைவிட அதே கவலை உள்ள சக ஊழியரோடு போவது நல்லது. அதற்கும் அசையாமல், தீங்கு தொடர்கிறது என்றால் வெளியே சொல்ல வேண்டிய கட்டம் வரலாம். அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தகவல் தெரிவிப்பவருக்கான பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும். எந்த அமைப்பிடம் சொன்னால் பாதுகாப்பு, எந்த ஆவணத்தை வைத்திருக்கலாம் என்பதெல்லாம் சட்டம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். கோபத்தில் கோப்புகளை மொத்தமாக நகலெடுத்துக்கொண்டு வெளியேறினால் தப்பு செய்தவர்கள் தப்பித்து நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

குடும்பம், கடன், விசா என்று எல்லோருக்கும் கட்டுகள் உண்டு. வேலையை விட்டு வெளியே வா என்று சொல்வது எளிது. அதனால் ஒன்று சொல்வேன்: வேலையில்லாமல் சில மாதம் தாக்குப்பிடிக்கும் அளவு சேமிப்பை, வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே கட்டத் தொடங்குங்கள். முடியாது என்று சொல்லும் தைரியத்தில் பாதி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

படி 10: விடைபெறும்போது

நோட்டீஸ் காலத்தில் வேலையின் தரம் குறையக்கூடாது. ஒப்படைப்பு ஆவணத்தில் எப்படி ஓடுகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். எது எப்போது உடையும், எந்த ஸ்கிரிப்டைத் தொட நீங்களே பயப்படுவீர்கள், எந்தப் பிழையைத் தற்காலிகமாக ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து வருபவரை உட்காரவைத்து, அந்த ஆவணத்தை மட்டும் பார்த்து ஒருமுறை டிப்ளாய் செய்யச் சொல்லுங்கள் (மென்பொருளைச் சர்வரில் ஏற்றச் சொல்லுங்கள்). அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே ஆவணத்தில் ஒரு வரி சேருங்கள். உங்கள் பெயரில் உள்ள டோக்கன்கள், சாவிகள், கிளவுட் கணக்குகள் எல்லாவற்றின் பட்டியலையும் கொடுத்து, கடைசி நாளுக்கு முன்பே முடக்கச் சொல்லி, முடக்கிவிட்டோம் என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.